பின்வாங்காத யானை

முப்பத்தொரு வருடத்தில் என் அண்ணன் யுன்-ஹாங் சீனச் சதுரங்கத்தில் என்னை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. நான் வூசௌ நகரப் பெண்கள் போட்டியில் நான்கு முறை முதல் பரிசு வாங்கியவள். அவன் படகுத்துறையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். ஞாயிறு காலையில் ஆற்றங்கரை ஆலமரத்தடிக்கு வருவான், தோற்பான், போவான்.

தோற்ற உடனே எழுந்து போய்விட முடியாது. காய்களைத் திரும்ப அடுக்கி, முதல் நகர்விலிருந்து மறுபடி நகர்த்தி, எங்கே பிசகியது என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அந்த நேரத்தில் என் வாய் சும்மா இருக்காது. அவன் குதிரைக்குப் புல்லு போட மறந்துவிட்டானா, நின்ற இடத்திலேயே நிற்கிறதே என்பேன். பீரங்கியைக் கண்டால் மட்டும் அவனுக்குக் கை அரிக்கும் என்பேன். ஒருநாள் உன் வாயை அடைக்கிறேனா இல்லையா பார் என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஊற்றுவான்.

போன வருடம் அவனுக்கு ஈரலில் கட்டி என்றார்கள். அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டு, அவருக்குச் சாப்பாட்டிலும் ஆசை இல்லை, ஊருக்குப் போகவும் ஆசை இல்லை, தங்கச்சியை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள். நான் தலையாட்டினேன். அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டிலேயே ஆடினோம். அவன் தலையணையில் சாய்ந்திருந்தான். முன்பெல்லாம் அவசரக் கை. அன்று உடம்பு வலித்ததால் ஒவ்வொரு காயையும் தொட நெடுநேரம் எடுத்துக்கொண்டான். இருபத்தாறாவது நகர்வில் அவன் பீரங்கி நடுக்கோட்டில் நின்றது. தேர் என் கோட்டை வரிசைக்கு வந்துவிட்டது. குதிரையும் பக்கத்தில்தான் இருந்தது. என் யானையை நடுவுக்குப் பின்னிழுத்தால் எங்கள் ஆட்டத்தில் ராஜாவுக்குப் பதிலாக நிற்கும் என் தளபதி பிழைத்துக்கொள்வான் என்று ஒரே பார்வையில் தெரிந்தது. நான் யானையைத் தொடவில்லை. எங்கோ ஓரத்தில் கிடந்த சிப்பாயை நகர்த்தினேன். இரண்டே நகர்வில் என் தளபதி விழுந்தான்.

அண்ணன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. பிறகு வழக்கப்படி காய்களை அடுக்கச் சொன்னான்.

இருபத்தாறாவது நகர்வை வேகமாகக் கடந்துவிடப் பார்த்தேன். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"யானைய ஏன் இழுக்கல?"

"கவனிக்கல அண்ணே."

"முப்பது வருஷமா நான் எதக் கவனிக்கலன்னு ஒண்ணு விடாம சொன்னவ நீ. ஒனக்கு இது தெரியலயா?"

அவன் என் விரலை விட்டுவிட்டுக் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டான். முகத்தில் இருந்த வெளிச்சம் போயிருந்தது.

"சரி விடு, ஆ-ஷூ. கஞ்சி ஆறுது, குடிச்சிட்டுப் போ."

அதன்பிறகு அவன் என்னை ஆடக் கூப்பிடவே இல்லை. இருபது நாளில் போய்விட்டான்.

நாற்பத்தொன்பது நாள் சடங்கு முடிந்த மறுநாள் மதியம் அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்தேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது, கை தானாக வைத்தது. இருபத்தாறாவது நகர்வு வந்ததும் யானையை நடுவுக்கு இழுத்தேன். இப்போது அவன் முறை. பலகையில் அவன் உட்காரும் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

பீரங்கி நேராக அடிக்காது. நடுவில் ஒரு காய் நின்றால்தான் அதைத் தாண்டி அடிக்கும். நான் இழுத்த யானை அவன் பீரங்கிக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது. அவன் தேரால் தளபதிக்குப் பக்கத்தில் நிற்கும் என் காவலனை வெட்டினால், யானையைத் தாண்டி வரும் பீரங்கிக்குப் பயந்து என் தளபதியால் அந்தத் தேரைத் தொட முடியாது. ஒதுங்கினால் குதிரை விடாது. வேறு வழி இருக்கிறதா என்று மூன்று நாள் தேடினேன். இல்லை.

யானையை இழுத்திருந்தாலும் நான் தோற்றிருப்பேன். அதை அவன் கண்டுபிடித்திருப்பானா என்று கேட்கலாம். பீரங்கிதான் அவனுக்குப் பிடித்த காய், அந்த விஷயத்தில் கண்டிப்பாகக் கண்டுபிடித்திருப்பான், அன்று அவனிடம் அவசரமும் இல்லை. ஆனால் நான் அவனை அதுவரை போகவே விடவில்லை. அவன் என்னை ஜெயிக்க முடியும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். திமிர்.

இறந்தவர்களைப் பார்க்கப் போகும் சிங்மிங் நாளில் அவன் கல்லறையைப் பெருக்கிவிட்டு, அந்த ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிய தாளைக் அவனுக்குப் போய்ச் சேரட்டும் என்று எரிக்கும் காகிதப் பணத்தோடு சேர்த்து எரித்தேன். இருபத்தாறாவது நகர்வுக்கு எதிரே தப்பு என்னுடையது என்று எழுதியிருந்தேன்.

"நீ ஜெயிச்சதுதான் அண்ணே" என்றேன்.

அண்ணி என் தோளைத் தொட்டு, அவருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும், அழாதே என்றாள். அவன் காய்களைப் பெட்டிக்குள் போட்டபோது அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.