பேக்கேஜ் பெயரைத் தவறாமல் குறிப்பிடவும்

காலையில் மென்பொருளைப் புதுப்பித்த கையோடு ஸ்கேன் அறைக் கணினி படுத்துவிட்டது. படம் எடுக்கிறது, திறந்து காட்டத்தான் மறுக்கிறது. ஏதோ ஒரு கோப்பைக் காணோமாம். குடல் முறுக்கிக்கொண்ட ஒருவர் அறுவை அரங்கில் கிடக்கிறார். படத்தைப் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்கிறார் சர்ஜன்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவர் உடனடி நடவடிக்கை எடுத்தார். அதாவது, ஸ்கேன் அறையிலேயே கூட்டம் போட்டார்.

"ஃபைல் எப்படிம்மா காணாமப் போகும்? யாராவது எடுத்துட்டாங்களா?"

"யாரும் எடுக்கல சார். அது ஏதோ ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜோட சேர்ந்து வர்றது. எதுன்னு தெரிஞ்சா போட்டுடலாம்" என்றாள், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பராமரிப்புப் பெண்.

"போடு. படிவம் அஞ்சுல பேக்கேஜ் பேர் எழுதிக் குடு, கையெழுத்துப் போடுறேன்."

"பேர்தானே சார் தெரியல. தேடிப் பாக்க ஒரு கருவி இருக்கு. அதையும் இந்த மெஷின்ல புதுசாத்தான் போடணும்."

"அதுக்கும் படிவம் அஞ்சு."

"சரி, குடுங்க சார்."

"அதெப்படி? ஒரு கோளாறுக்கு ஒரு படிவம்தான். நானே வகுத்த விதி."

ஸ்கேன் எடுப்பவர் தலையில் கைவைத்தார். "அந்த ஆளோட குடல் உங்க விதியைப் படிக்கல சார்."

தலைவர் அதை மாற்றுக்கருத்து எண் ஒன்று என்று குறித்துக்கொண்டார்.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு அவள் வராந்தாவுக்குப் போனாள். எந்தப் பேக்கேஜில் என்ன கோப்பு இருக்கிறது என்பதை எவரும் தேடிப் பார்க்க இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. கைபேசியில் கோப்பின் பெயரை அடித்தாள். அரை நிமிடம். திரும்பி வந்து படிவத்தில் எழுதினாள்.

"பேர் எப்படித் தெரிஞ்சுது?"

"ஃபோன்ல தேடினேன் சார்."

"சொந்த ஃபோன்லயா? யார் அனுமதி குடுத்தா?"

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு சர்ஜன் வந்தார். "படம் எங்கய்யா?"

"பரிசீலனைல இருக்கு டாக்டர்."

"அங்க ஒருத்தன் செத்துட்டிருக்கான். அவனையும் பரிசீலனைல வைக்கட்டுமா?"

தலைவர் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் அவள் ஸ்கேன் கணினியில் பேக்கேஜ் பெயரை அடித்து, நிறுவும் விசையைத் தட்டிவிட்டாள். படம் திறந்தது. சர்ஜன் குனிந்து பார்த்தார், ஓடினார்.

நோயாளி மாலையில் கண் விழித்தார். அவருக்கு முன்பே சுற்றறிக்கை விழித்துக்கொண்டது: "கூட்டு முயற்சியால் கோப்பு மீட்கப்பட்டது. இனி, பேக்கேஜ் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க விரும்புவோர் படிவம் ஆறில் விண்ணப்பிக்கலாம். எந்தப் பேக்கேஜின் பெயரைத் தேடுகிறீர்கள் என்பதைத் தவறாமல் குறிப்பிடவும்."