மூக்கில் ஒட்டிக்கொண்ட மூடி

வெர்னா டாலெஃப்சனுக்கு விமானம் ஓட்டத் தெரியும், கட்டவும் தெரியும். தன் அக்கா ஆர்டிஸை அதில் ஏற்றத்தான் பதினோரு வருடமாக வழி தெரியவில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற வெர்னா, கார் ஷெட்டிலேயே ஆணி ஆணியாக அடித்து உருவாக்கிய இரண்டு இருக்கை விமானம் அது. "கார் ஷெட்டுல செஞ்சது கார் ஷெட்டுலயே இருக்கட்டும்" என்பது ஆர்டிஸின் தீர்ப்பு. பள்ளிக்கூடச் சமையலறையை முப்பது வருடம் மிரட்டி வைத்திருந்த வாய் அது, லேசில் மாறாது.

அதிசயமாக இந்தக் கோடையில் மாறியது. "சனிக்கிழமை காலைல வர்றேன். ஒரே ஒரு தடவை. அன்னைக்கு முடியலன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது" என்று போனில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை வெர்னா தனியாக ஒரு சுற்று போய்ப் பார்த்தபோது, மேலே ஏற ஏற இன்ஜின் திணறியது. இறங்கி வந்து, இன்ஜினை மேலும் கீழுமாக இரண்டு பாதியாக மூடியிருந்த மூக்கு மூடியைக் கழற்றினாள். காற்று உள்ளே போகும் வாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் நைந்து ஒரு பக்கம் கிழிந்திருந்தது. வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்க வேண்டிய இன்ஜின், தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருந்தது, பாவம்.

இந்த மாதிரி விமானத்துக்கு வளையம் கடையில் கிடைக்காது. வாயைச் சுற்றிச் சிலிக்கோன் பசையைத் தடிமனாகப் பிதுக்கி, கீழ்மூடியை அதன்மேல் பொருத்தி முடுக்கிவிட்டால், மறுநாளைக்குள் மூடியின் வளைவுக்குத் தக்கபடி ரப்பராக இறுகிவிடும். மூடியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளாமலிருக்க, பசை படும் இடத்தில் மூடிக்குள் முன்கூட்டியே பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கே வேலையை முடிக்க, பக்கத்து ஷெட் டெல்மர் விங்கே உதவிக்கு வந்தான். அவன் உதவியில் பாதி, ஏரியில் தன்னிடமிருந்து தப்பிய மீனின் நீளத்தைப் பற்றியது.

சனிக்கிழமை ஏழு மணிக்கு எல்லா திருகையும் கழற்றியாயிற்று. மேல்மூடி வந்துவிட்டது. கீழ்மூடி அசையவே இல்லை.

"டெல்மர், தாள் போட்டல்ல?"

"நானா? நீ போட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"நான் பசை டியூபைப் புடிச்சிட்டிருந்தேன்யா! நீதான மூடியைத் தூக்கிட்டு வந்தே?"

"நான் அந்த மீனைப் பத்திச் சொல்லிட்டிருந்தேனே" என்றான் டெல்மர், பரிதாபமாக. பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. "விடு, நல்லாத்தான ஒட்டியிருக்கு? காத்து கசியவே கசியாது. அப்படியே பறந்துடேன்."

"உள்ள பிதுங்கின பசை ஒரு துண்டு பிச்சுக்கிட்டு இன்ஜினுக்குள்ள போனா? பாக்காம ஏத்துறதுக்கு ஆர்டிஸ் என்ன தபால் மூட்டையா?"

அந்த நேரம் பார்த்துத்தான் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட கேக் தட்டோடு ஆர்டிஸ் வந்து நின்றாள். வெர்னா எதையும் மறைக்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, "இன்னைக்கு முடியாது ஆர்டிஸ். நீ சொன்னபடி இனிமே கேக்கமாட்டேன்" என்றாள். பதினோரு வருடம் ஒரு பிளாஸ்டிக் தாளில் போய்விட்டதே என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

ஆர்டிஸ் கேக் தட்டைப் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல பசை. இதுக்கா இந்த மூஞ்சி? முப்பது வருஷமா நான் அடுக்கு கேக்கை எதால அறுத்தேன்னு நெனக்கிற, கோடாலியாலயா?" கைப்பையிலிருந்து பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை எடுத்தாள். "அந்தப் பக்கம் போய்க் குந்து. ஒரு முனையைப் புடி."

மூக்கின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் நூலைக் கொடுத்து, மாறி மாறி இழுத்தார்கள்.

"அவசரப்படாதடி! சின்ன வயசுலேர்ந்து இதே புத்தி."

"நீ இழுக்கவே மாட்டேங்கிற!"

நூல் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை மூடி 'பொத்'தென்று டெல்மரின் கையில் விழுந்தது. வளையம் ஒரு கீறல் இல்லாமல், மூடியின் வளைவோடு அப்படியே நின்றது. வெர்னா டார்ச் அடித்து, பிதுங்கிய பசையைச் சீவித் துடைத்து, மறுபடி ஒட்டாமலிருக்க டால்கம் பவுடர் தூவி, மூடியைப் பூட்டினாள். தனியாக ஒரு சுற்று போய் வந்தாள். இன்ஜின் திணறவே இல்லை.

இறங்கியதும் விமானத்தின் பதிவேட்டை எடுத்து எழுதினாள். ஆர்டிஸ் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்: 'காற்றுவாய் வளையம் புதிதாக வைக்கப்பட்டது. வேலை: வெர்னா டாலெஃப்சன், ஆர்டிஸ் டாலெஃப்சன்.'

"என் பேரு எதுக்கு?"

"வேலை செஞ்சவங்க பேரை எழுதறதுதான் வழக்கம்."

"என் பேரு இருக்கலாமா? நான் மெக்கானிக்கா?"

"நான் மட்டும் என்ன? வெறும் தபால்காரிதான."

ஆர்டிஸ் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே ஏற இறக்கையில் கால் வைத்தாள்.

"தள்ளு. என் கிச்சன்லேர்ந்து நான் ருசி பாக்காம எதுவும் வெளிய போனதில்ல."