கடைசி ஒரு முழம்

ஜெராக்ஸ்காரர் தன் மகளின் வெளிநாட்டுப் படிப்புக்காக, அவள் பெயரில் எழுதிய கடிதத்தில் நான்கு பொய்கள் இருந்தன. கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, முதல் பொய் நிஜமாகி அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றது.

பதினோரு பேர். எல்லோர் கையிலும் உறுப்பினர் அட்டை, அட்டையில் ஜெராக்ஸ்காரரின் கையெழுத்து. முன்னால் நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர், எண்பத்து நான்காம் பக்கம் மடித்த ஒரு நாவலை நீட்டி, "போன வாரமே தரவேண்டியது, உடம்பு சரியில்ல. அபராதம் போட்டுடாதீங்க" என்றார். ஜெராக்ஸ்காரர் திரும்பி முன்னறையைப் பார்த்தார். ஏழு தவணை பாக்கியிருந்த சோபாவைக் காணவில்லை; அந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை புத்தக அலமாரி. சோபா எங்கே போனது என்று கடைசி வரை தெரியவில்லை. தவணை மட்டும் எங்கேயும் போகவில்லை. கடிதத்தின் மூன்றாவது வரி, 'என் தந்தை ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் இலவச நூலகம் நடத்துகிறார்' என்பது. பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பிறகு ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்திராத அந்த மனிதர், பனியனோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அபராதம் வேண்டாம் என்று சொல்லி நாவலை வாங்கி வைத்தார். வேறென்ன செய்வது?

அவருடைய கடை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டாவது மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஏஜென்சி. மேலே போகிற பிள்ளைகள் எல்லோரும் கீழே நின்று நகல் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். கடைக்கு ஒரு பெயர் உண்டு: அங்கே அசலை விட நகல் பளிச்சென்று இருக்கும். மங்கிப்போன மதிப்பெண் பட்டியலைக் கண்ணாடி மேல் கவிழ்த்தால், எழுதியவருக்கே மறந்துபோன புள்ளிகள் கூடக் கறுப்பாக எழுந்து வரும். அசலை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு அவர் போட்ட நகலோடு இன்டர்வியூவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஜெராக்ஸ்காரர் இதையெல்லாம் இயந்திரத்தின் சாமர்த்தியம் என்று நினைக்கவில்லை, தன் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் கடைக்கு வருகிறவர்களிடம், "அந்தக் கைராசிதான் என்னைக் குழியில தள்ளுச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான்கு வருடத்தில் நானூறு பிள்ளைகள் போனார்கள். ஒவ்வொருவரும், இந்தப் படிப்பு தனக்கு எதற்கு என்று விளக்கி ஒரு பக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். நானூறு கடிதங்களும் ஜெராக்ஸ்காரரின் கண்ணாடி மேல் படுத்து எழுந்தவை. நகல் வெளியே வரும் நேரத்தில் அவர் அசலைப் படித்துவிடுவார். எனவே மகளுக்கு இடம் கேட்க வேண்டிய காலம் வந்தபோது, கடிதம் எழுதித்தர ஏஜென்சிக்காரர் சொன்ன தொகையைக் கேட்டுக் கொதித்துப் போனார். "ஒரு பக்கத்துக்கா? நான் ஒரு பக்கத்துக்கு என்ன வாங்கறேன்னு தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து, கோணலாக விழுந்து ஒதுக்கிய நகல்கள் கிடந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தார். ஒரு பையனிடமிருந்து நூலகம். இன்னொரு பெண்ணிடமிருந்து, ஒன்பது வயதில் தரையில் காது வைத்துத் தெருக்குழாயின் கசிவைக் கண்டுபிடித்த சம்பவம். மூன்றாமவளிடமிருந்து, மகளுக்காகத் தன் இசைக்கனவைத் துறந்த தாய். கடைசி வரி நானூறு கடிதத்திலும் ஒன்றேதான்: 'படிப்பு முடிந்த அன்றே தாய்மண்ணுக்குத் திரும்பிவிடுவேன்.' அந்த வரி இல்லாவிட்டால் விசா கிடைக்காது. எழுதிய நானூறு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு பையன் மட்டும் அக்கா கல்யாணத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, பதினாலு நாள் கொசுவைத் திட்டிவிட்டுப் போனான்.

படிப்பையும் அவரேதான் தேர்ந்தெடுத்தார். குடிநீர் வழங்கல் பொறியியல். கட்டணப் பட்டியலில் அதுதான் இருப்பதிலேயே குறைச்சல்.

"எனக்குத் தண்ணியில என்னப்பா ஆர்வம்?" என்றாள் மகள்.

"ஏன், கடிதத்துல தெளிவா இருக்கே. படிச்சுப் பாரு பாப்பா. எனக்கே கண் கலங்கிடுச்சு."

நூலகம் வந்த இரண்டாம் நாள் மகள் காதைப் பொத்திக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். தரைக்கடியில் குழாய்கள் பேசுவது அவளுக்குக் கேட்டது. எதிர்வீட்டுத் தொட்டி நிரம்புவதும், மூன்றாவது தெருவில் ஒரு இணைப்பு விட்டுப் போயிருப்பதும் கேட்டது. குடிநீர் வாரிய ஊழியர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஒன்பது வயசுலயே காட்டிக் குடுத்த பொண்ணாச்சே இது" என்று பழகியவர்போல் சொல்லிவிட்டு, அவள் காட்டிய இடத்தில் தோண்டினார். தண்ணீர் பீறிட்டது. அதே வாரம் ஜெராக்ஸ்காரரின் மனைவி, மருந்துக்கடையில் பதினாறு வருடமாக மாத்திரை எண்ணிக் கொடுப்பவர், வாழ்க்கையில் ஒரு வரி பாடியிராதவர், பக்கத்துக் கடை ரேடியோவைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து கணவரை ஒரு பார்வை பார்ப்பார். பெரிய ஏதோ ஒன்றை அந்த ஆளுக்காக இழந்துவிட்ட பார்வை.

"நான் எப்பங்க பாடினேன்?"

"பாடலைம்மா. துறந்துட்டே. ரெண்டும் வேற."

"துறந்த துக்கம் நெஞ்சை அடைக்குதே. பாடுன சந்தோஷத்தையும் ரெண்டு வரி சேர்த்து எழுதியிருக்கக் கூடாதா?"

கடிதத்தோடு போன விண்ணப்பத்தில், ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் ஜெராக்ஸ்காரர் ஒரு பெருந்தொகையை எழுதியிருந்தார். மூன்று வாரம் தினமும் பாஸ்புக்கைப் பதிவு செய்து பார்த்தார். வாக்கியங்கள்தான் பலித்தன, எண்கள் பலிக்கவில்லை. அவருடைய கைராசி அப்படி.

நான்காவது பொய்யை முதலில் கவனித்தது மனைவிதான். ஒரு காலை, மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கடிதத்தின் நகலை விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போனவர் கடைசி வரியில் நின்றார். "ஏங்க, இதுவும் நடக்குமில்ல?" என்றார். குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு, ஜெராக்ஸ்காரர் அந்த வரியை இன்னொருமுறை படித்தார்.

ஏனென்றால் கல்விக் கடனுக்குக் குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தோடு மைத்துனரின் காலி மனைப் பத்திரமும் வங்கியில் இருந்தது. இரண்டு வருடம் படிப்பு, பிறகு அங்கேயே வேலை, மொத்தம் நான்கு வருடத்தில் கடன் தீரும் என்பதுதான் திட்டம். படிப்பு முடிந்த அன்றே திரும்பி வந்து இங்கே சம்பாதித்துக் கட்டினால் எவ்வளவு காலம் ஆகும் என்று வங்கி மேலாளரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டார்கள். அவர் கால்குலேட்டரைத் தட்டி, நாற்பத்தோரு வருடம் என்றார். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்த மைத்துனர் விஷயம் தெரிந்து வந்தார். நேரத்தைத் தவிர வேறு எதற்கும் பதறாத மனிதர். "அத்தான், ஊரே பொய் எழுதுது. உங்க பொய் மட்டும் எதுக்கு இவ்வளவு ஒழுங்கா நடந்துக்குது?" என்று கேட்டார்.

கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். இப்படியொரு நேர்மையான கடிதத்தைப் பார்த்ததில்லை என்றும், அதற்காகக் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி என்றும் பதில் வந்தது. பத்து சதவீதம் என்று கேட்டதும் ஜெராக்ஸ்காரர் வாயை மூடிக்கொண்டார்.

மகள் போனாள். முதல் வருடக் கட்டணத்தில் கடன் போக மீதிக்குக் கடையின் இரண்டாவது இயந்திரம் போயிற்று, இரண்டாம் வருடத்துக்கு மனைவியின் வளையல்கள். நடுவில் ஒருமுறை வந்துபோக டிக்கெட் விலை மூன்று தவணை என்பதால் அவள் வரவில்லை. ஞாயிறு காலைகளில் நூலகத்துக்கு நடுவே போனில் அவள் முகம் தெரியும். உறுப்பினர்கள் வரிசையில் நின்றபடியே கையசைப்பார்கள். அங்கேயும் அவளுக்குத் தரைக்கடியில் கேட்டது. அந்த நகரத்துக் குடிநீர்த் துறை, மாணவர்களுக்கு அனுமதித்த வார நேரத்துக்குள், கசிவு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி அவளை வைத்துக்கொண்டது. இரண்டாம் வருடக் கடைசியில் எல்லாப் பாடமும் முடிந்து, கட்டாயமான உடற்பயிற்சி வகுப்பு மட்டும் பாக்கி நின்றது. நீச்சல். குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைச் சுவரைத் தொட்டுவிட்டால் பட்டம்.

"தொடாதே!" என்று போனில் கத்தினார் ஜெராக்ஸ்காரர்.

"தொடாம என்னப்பா பண்றது?"

"ஒரு முழம் பாக்கி வை. ஏணியில ஏறி வெளியே வந்துடு. படிப்பு முடிஞ்சாத்தானே திரும்பணும்? முடிக்காதே."

பெற்ற மகளிடம் படிப்பை முடிக்காதே என்று கெஞ்சிய முதல் தகப்பன் தான்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார். மகள் கெட்டிக்காரி. ஒவ்வொரு பருவமும் நீச்சல் வகுப்புக்கு மட்டும் பணம் கட்டுவாள், அது அதிகமில்லை. கடைசித் தேர்வன்று மீன்போல நீந்திப் போய், சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்று, பயிற்சியாளரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் பாவனையில் சிரித்துவிட்டு ஏணியில் ஏறிவிடுவாள். ஏன் முடிக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் தகப்பனார் ஒரு தாளில் காரணம் எழுதித் தர வேண்டும். சூடு கண்ட ஜெராக்ஸ்காரர் காரணம் எதையும் புனையவில்லை. 'கடைசி ஒரு முழம் பாக்கி' என்று உண்மையை எழுதி அனுப்பினார். தெருவில் கேட்பார்கள்: "பொண்ணு இன்னும் படிக்குதா? டாக்டர் பட்டமா?" "நீச்சல்" என்பார் தலையை நிமிர்த்திக்கொண்டு.

இப்படி நான்கு வருடம் போனது. அவள் கண்டுபிடித்த கசிவுகள் ஒவ்வொன்றாகத் தவணையாகி வந்து சேர்ந்தன. ஆறாவது வருடத்தில் ஒரு புதன்கிழமை, வங்கி மேலாளர் இரண்டு பத்திரங்களையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். மைத்துனர் தன் மனைப் பத்திரத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு வருஷம் லேட்" என்றார்.

அன்று பிற்பகல், அந்தப் பருவத்துக்கான தாள் ஜெராக்ஸ்காரரின் முன்னால் இருந்தது. இனி எது வேண்டுமானாலும் எழுதலாம். 'என் மகள் அங்கேயே நல்ல வேலையில் நிலைத்துவிட்டாள்' என்று எழுதினால் நிலைத்துவிடுவாள். தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். 'அடுத்த மாதம் வந்துவிடுவாள்' என்று எழுதினால் வந்துவிடுவாள். ஆறு வருடமாகப் போன் கண்ணாடியில் பார்த்த முகத்தைக் கையால் தொடலாம். மனைவி மருந்துக்கடையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வந்து, கல்லாவுக்கு எதிரே நின்றார். பேனா மூடி திறந்தே இருந்தது.

"எழுதிடாதீங்க" என்றார்.

"உனக்கு அவ வர வேணாமா?"

"வேணும்தான். ஆனா தண்ணி படிக்கறியான்னு அவளை நீங்க கேக்கலை. பாடறியான்னு என்னையும் கேக்கலை. இதையாவது அவகிட்ட விடுங்க."

ஜெராக்ஸ்காரர் பேனாவை மூடினார். வெறும் தாளைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். நகல் அசலை விட வெள்ளையாக வந்தது. அதை உறையில் போட்டு அனுப்பிவிட்டு, மகளுக்குப் போன் செய்தார். "கடன் தீர்ந்துடுச்சு பாப்பா. இனி நீ முடிச்சாலும் சரி, முடிக்காட்டியும் சரி. நான் ஒண்ணும் எழுதலை." எதிர்முனையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "சரிப்பா" என்றாள்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் அங்கேயே இருந்துவிடுவாள் என்று ஜெராக்ஸ்காரர் தெருவில் முந்திக்கொண்டு சொல்லி வைத்தார், பின்னால் யாரும் அனுதாபப்படக் கூடாதென்று. அதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் வாசலைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிறு காலை ஏழேகாலுக்கு, அந்த நகரத்து நீச்சல் குளத்தில் மகள் கடைசி முழத்தையும் நீந்தி, கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். தொட்டது வீட்டு முன்னறைச் சுவர், அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவில், போன வருடம் பூச்சு உதிர்ந்த இடம். நீச்சல் உடையும் தலையில் ரப்பர் தொப்பியுமாக, சொட்டச் சொட்ட நின்றாள். மருந்து நெடி அடிக்கும் குளத்துத் தண்ணீர் தரையில் ஓடியது. வரிசையில் நின்றவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். தபால்காரர், ஆறு வருடமாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் போகும் அதே நாவலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "பாத்தும்மா, எண்பத்து நாலாம் பக்கம் நனைஞ்சுடப் போகுது" என்றார்.

அம்மா துண்டும் தன் பழைய நைட்டி ஒன்றும் கொண்டுவந்து போர்த்தினார். அப்பா எழுந்து நின்றார். கை நீண்டது, ஈரக் கன்னத்தில் பட்டது, அங்கேயே இருந்தது. "டிக்கெட் காசு மிச்சம்" என்றார்.

"பெட்டி கப்பல்ல வரும்பா. நாற்பது நாள். கூலி நான் கட்டிட்டேன்" என்றாள் மகள். பிறகு தலையைச் சாய்த்து, தொப்பியைக் கழற்றி, வாசற்படியில் மண்டியிட்டுக் காதை வைத்தாள். "நான் போன நாளிலிருந்து இங்க கசிஞ்சுட்டே இருக்குப்பா. கடப்பாரை எங்க இருக்கு?"

ஜெராக்ஸ்காரர் கடப்பாரை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனார். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தத்தோடு மனைவி ஏதோ ஒரு பாட்டின் முதல் வரியைச் சுருதி சேராமல் முனகுவது கேட்டது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்த தபால்காரர், தானே பதிவேட்டைத் திறந்து, நாவலின் பெயரை எழுதி, ஒரு வாரம் தாமதம், அபராதம் இல்லை என்று குறித்துவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.