போட்டுச்சு, போட்டாச்சு

தையல் தொழிற்சாலையின் பின்பக்கம், அயர்ன் பகுதியை ஒட்டி இருந்தது குழந்தைகள் காப்பகம். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் நீராவி சீறினால் இந்தப் பக்கம் பாதிப் பேச்சு காதில் விழாது. அங்கே பதினொரு வருடமாகக் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேன்கூட. கூடப்பிறந்தவள் என்று அவளுக்கு இருந்தது ஒரு தங்கைதான். அவள் அதே தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைத்தாள்.

தங்கையின் ஏழு மாதப் பையன் காப்பகத்தின் கடைக்குட்டி. யாராவது ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும், முறைத்துப் பார்த்து அழ ஆரம்பித்துவிடுவான். அதனால் அவனுக்கு சூப்பர்வைசர் என்று பேர் விழுந்துவிட்டது.

"சூப்பர்வைசர் தூங்கிட்டாரா? நான் கொஞ்சம் காலை நீட்டிக்கலாமா?" என்பாள் தங்கை, பால் கொடுக்க வரும்போதெல்லாம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த அயர்ன் மாஸ்டர் ஒரு திங்கட்கிழமை தன் மூன்று வயது மகளைச் சேர்க்கக் கூட்டிவந்தார். அக்கா படிவத்தை எடுத்தாள். எதையும் சுருக்கிப் பேசுவது அவள் வழக்கம். ஆறு குழந்தைகள் ஒரே நேரத்தில் கத்தினால் யாருக்கும் அந்த வழக்கம் வந்துவிடும்.

"போலியோ குடுத்தாச்சா?"

"ஆச்சுக்கா."

"அம்மை போட்டாச்சா?"

நீராவி சீறியது. "போன வருஷமே போட்டுச்சுக்கா" என்றார் அவர். 'போட்டாச்சு' என்று அவள் காதில் விழுந்தது.

"சீட்டு?"

"பழைய வீட்டுல இருக்கு. அடுத்த வாரம் கொண்டாறேன்."

அக்கா தட்டம்மை ஊசி என்று இருந்த கட்டத்தில் டிக் போட்டாள். அம்மைக்கு ஊசி போட்டாச்சா என்று முழுசாகக் கேட்டிருந்தால் வாயா வலித்திருக்கும்? அடுத்த வாரம் வந்தது, போனது. தடுப்பூசிச் சீட்டை அவரும் கொண்டுவரவில்லை, அவளும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணுக்கு மூக்கு ஒழுகியது. கண் சிவந்து, ஓயாமல் இருமினாள். சளிதானே என்று அக்கா துடைத்துவிட்டாள். சூப்பர்வைசரின் பாய்க்குப் பக்கத்தில்தான் அந்தக் குழந்தையின் பாய். நான்காம் நாள் காதுக்குப் பின்னால் தொடங்கி முகமெல்லாம் சிவப்பாகத் தடித்தது. தடுப்பூசி போடும் நர்ஸ் வந்து பார்த்தார்.

"தட்டம்மை. ஊசி போடலையா?"

"அம்மைதான் போன வருஷமே போட்டுச்சே! உடம்பெல்லாம் கொப்புளமா வந்துச்சு. ஒருதரம் வந்தா மறுபடி வராதுன்னாங்க" என்றார் அயர்ன் மாஸ்டர்.

"அது சின்னம்மைங்க. அது வந்ததால இது வராம இருக்காது. இதுக்குத் தனியா ஊசி இருக்கு."

அக்கா படிவத்தை எடுத்து, தான் போட்ட டிக்கைப் பார்த்தாள். நர்ஸ் அதற்குள் பாயில் கிடந்த சூப்பர்வைசரைக் குனிந்து பார்த்தார். "இவனுக்கு?"

"ஒன்பது மாசம் ஆகட்டும்னாங்க" என்றாள் அக்கா.

"முதல் மூணு நாளுக்குள்ள தெரிஞ்சிருந்தா இவனுக்கு முன்கூட்டியே போட்டிருக்கலாம். இவ்வளவு சின்னதுங்களுக்கு மத்தவங்க போட்டுக்கிறதுதான் காவல்" என்றார் நர்ஸ். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்துப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு தடிப்பு. பிறகு சளி நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மூச்சு அவன் விலா உள்ளே போய் வந்ததை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படு. நீயும் விழுந்துட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள் தங்கை. அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயெடுத்தாள். பையன் பிழைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தினமும் தள்ளிப்போட்டாள். ஆறாம் நாள் காலையில் அவன் போய்விட்டான்.

அடுத்த வாரம் அயர்ன் மாஸ்டர் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் மகள் தேறிவிட்டிருந்தாள்.

"என் பொண்ணாலதாம்மா..." என்று ஆரம்பித்தார்.

தங்கை பாய்ந்துவிட்டாள். "போட்டாச்சுன்னு பொய் சொல்லித்தானே சேர்த்தீங்க? உங்க பொண்ணு ஓடி விளையாடுது. என் புள்ள எங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்ன கேட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. அக்கா சமையலறையில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி அவரோடு படியிறங்கிப் போய்விடும். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"அவர் பொய் சொல்லலடி. நான்தான் 'அம்மை போட்டாச்சா'ன்னு மொட்டையாக் கேட்டேன். அம்மை வந்துச்சான்னு கேக்கறதா நினைச்சு அவர் ஆமான்னார். சீட்டு பாக்காமலே டிக் போட்டது நான்."

தங்கை அழவில்லை, கத்தவும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு கேட்டாள்:

"மத்த குழந்தைங்க சீட்டையாவது பாத்தீங்களா?"

அயர்ன் மாஸ்டரிடம் கேட்கிறாள் என்று நினைத்து அக்கா அவர் பக்கம் திரும்பினாள். பேச்சு வந்த நாளிலிருந்து தங்கை அவளை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறாள்.

"உங்களைத்தான் கேக்கறேன்" என்றாள் தங்கை.