முக்கால் வட்டம்

1

இது நானாக யோசித்த கதை அல்ல. ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டு செய்யும் ஒரு கம்பெனி ஆண்டு மலருக்குக் கேட்டது. மனிதவள அதிகாரி வெஸ்லின் தலைப்பையும் கையோடு கொடுத்தார்: 'எல்லாரும் எல்லா வேலையும்'. ஆர்டர் இன்று ஏறும், நாளை இறங்கும். மாடல் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே வேலையைப் பிடித்துத் தொங்குகிறவர்களை வைத்து இனி ஓட்ட முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பெல்லாம் நான் எழுத உட்கார்ந்த பிறகு வந்ததுதான்.

2

முதல் தொடக்கம்: 'கிழக்கு வெளுக்கும் முன்பே பாகலூரில் ஆரோக்கியசெல்வி கம்பெனி பஸ்ஸுக்காக...'

(வேண்டாம். கதைகளில் உழைக்கிற பெண்கள் எல்லாரும் விடிவதற்குள் எழுந்துவிடுகிறார்கள். செல்விக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். தூங்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: லைனுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சார்ட். இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள்: வயர் வெட்டுவது, முனை பொருத்துவது, டேப் சுற்றுவது, டெஸ்டிங். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். பார்த்துப் பழகினால் கால் வட்டம் நிரப்புவார்கள். கூட ஆள் இருந்து செய்தால் அரை, யாரும் சொல்லித்தராமல் செய்தால் முக்கால். சூப்பர்வைசர் பார்க்கச் செய்துகாட்டித் தேறினால் முழுசு. செல்விக்கு நாலு வேலையிலும் முழுசு. அதனால் அவள் ரிலீவர். யார் வரவில்லையோ அவர் இடத்தில் நிற்பவள்.

இது நன்றாக இருந்தது. பாராட்டுக் கதையாகவே போயிருக்கும். அவளுக்கு ஒரு மகளைக் கொடுத்ததுதான் வம்பாகப் போயிற்று.

3

மகள் பெயர் வின்சி. வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். அதே ஞாயிறு காலை, அவசர ஆர்டருக்காக லைன் ஓடுகிறது. டெஸ்டிங்கில் நிற்கிற மேகலா பிரசவ விடுப்பில் இருக்கிறாள். முழு வட்டம் இல்லாதவர் டெஸ்டிங் மேஜையில் தனியாக நிற்கக் கூடாது. செல்வி சூப்பர்வைசர் ஹரீஷ்குமாரிடம் லீவு கேட்டாள்.

"யாரு லீவு போட்டாலும் நீங்க நிக்கறீங்க. நீங்க லீவு போட்டா யாரு நிக்கறதுங்க்கா?"

(ஹரீஷ்குமாரை வில்லனாக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்துக்கூடப் பார்த்தேன். ஒட்டவில்லை. அந்த ஞாயிறு அவனுக்கும் லீவு கிடையாது.)

அவனே ஒரு வழியும் சொன்னான். டெஸ்டிங்கில் சுகுணாவுக்கு முக்கால் வட்டம் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் அவளைத் தேறவைத்துவிட்டால் செல்வி போகலாம்.

4

சுகுணா உத்தனப்பள்ளிக்காரி, இப்போது பாகலூரில் குடியிருக்கிறாள். அவளை முதலில் மந்தமான பெண்ணாக எழுதினேன். வேலை என்னவோ சுலபம்தான். கட்டின் முனைகளைப் பலகையில் சொருக வேண்டும். எல்லா விளக்கும் பச்சை என்றால் சீல். ஒன்று சிவந்தாலும் சிவப்புப் பெட்டி. செல்வி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். சுகுணா ஒன்றுகூடத் தவறவில்லை. ஹரீஷ்குமார் வந்து நின்றால் மட்டும் சிவப்புக்கு சீல் வைத்தாள்.

அப்போதுதான் சார்ட்டை மறுபடி பார்த்தேன். செல்வியின் வரிசையையும் மேகலாவின் டெஸ்டிங்கையும் தள்ளிவிட்டால் சுவர் முழுக்க முக்கால் வட்டங்கள். யாரும் கற்றுக்கொள்ளாமல் இல்லை. முக்காலோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சுகுணாவே சொல்லிவிட்டாள். "புதன்கெழம ஆனா எங்கம்மாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவணுங்க்கா. முழுசு போட்டுட்டா நானும் உங்களாட்டந்தான். அப்பறம் யாரு உடுவாங்க?"

செல்விக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

5

முடிவு அ: சனிக்கிழமை சுகுணா மனம் இளகித் தேறுகிறாள். வெஸ்லினுக்குப் பிடிக்கும். புதன்கிழமை என்ன ஆகும் என்று அவர் கேட்க மாட்டார்.

முடிவு ஆ: செல்வியே வேண்டுமென்று சிவப்புக்கு சீல் வைத்துத் தன் வட்டத்தைக் குறைத்துக்கொள்கிறாள். (எழுதிப் பார்த்தேன். அந்த வயர் ஏதோ ஒரு குடும்பம் போகிற வண்டியில் ஏறும். அவளுக்கு மனம் வரவில்லை.)

முடிவு இ: லைனில் இருக்கிற எல்லாரும் ஒரே நாளில் முழு வட்டம் வாங்குகிறார்கள். அப்போது ரிலீவர் என்று ஒருத்தியே வேண்டாம். செல்வியும் போகலாம், புதன்கிழமை சுகுணாவும் போகலாம். வெஸ்லின் கேட்டதும் உண்மையில் இதைத்தான். ஆனால் யார் முதலில் வாங்குவது? மற்றவர்களும் வாங்கும்வரை முதலில் வாங்கியவள்தான் அடுத்த செல்வி. இங்கே செல்வியையே பேசவைத்து எல்லாரையும் சம்மதிக்கவைக்கலாம் என்று...

இந்த வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை. கற்பனைப் பெண்தான். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"எங்கெங்க ஆளு பத்தலயோ அங்கெல்லாம் என்னையவே நிறுத்தறீங்க சார். உங்க கதைலயாவது லீவு குடுங்க."

எனக்கு வெட்கமாகப் போயிற்று.

6

கொடுத்துவிட்டேன். இந்தப் பகுதியில் செல்வி இல்லை. வெள்ளைக் கவுன் போட்ட மகளோடு கோயிலில் இருக்கிறாள். அவளைக் கூப்பிடாதீர்கள்.

ஞாயிறு காலை லைன் தொடங்கிவிட்டது. டெஸ்டிங் மேஜை காலி. ~~சுகுணா~~ என்று எழுதி அடித்துவிட்டேன். ஹரீஷ்குமார் பேனாவோடு சார்ட் பக்கத்தில் நிற்கிறான்.

முனைகளைச் சொருக வேண்டும், பச்சைக்கு சீல், சிவப்புக்குப் பெட்டி. இவ்வளவு தூரம் வாசித்ததில் உங்களுக்கும் முக்கால் வட்டம் ஆகிவிட்டது. நாலாவது கால் வேண்டாமென்றால் இங்கேயே மூடிவைத்துவிடலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அந்த லைனில் எல்லாரும் செய்தது அதுதான்.