கதவு இல்லாத டிஸ்பென்சரி

"என்னய்யா, உம்ம தொண்டையில கோயில் மணியையா கட்டித் தொங்கவிட்டிருக்கு? எம் மவளுக்குப் படர்தாமரைன்னு ஊருக்கே தண்டோரா போடுதீரே, நீரு மனுசன்தானா?"

கத்தியவள் மளிகைக்கடை ராமசுப்புவின் மனைவி செல்லக்கனி. கேட்டுக்கொண்டு நின்றவர் கம்பவுண்டர் பக்தவச்சலம். இடம், திருவொற்றியூரில் எங்கள் கிளிஞ்சல்சூளைத் தெருவிலிருந்த அரசாங்க டிஸ்பென்சரியின் வாசல். எங்கள் வீட்டு ஜன்னல் அதற்கு நேர் எதிரே இருந்தது. ஜன்னலை அங்கே வைத்தது வீட்டைக் கட்டியவன். என் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை.

"மருந்து மாறிப்போனா யாரும்மா ஜவாப்தாரி? பேரையும் சொல்லணும், வியாதியையும் சொல்லணும்" என்றார் பக்தவச்சலம்.

"வண்ணாரப்பேட்டையிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரவ வந்து எங்க கடையில காப்பி குடிச்சிட்டிருந்தாவ. நீரு போட்ட சத்தத்துல டம்ளரை அப்படியே வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ! இனிமே எம் மவளை நீரா கட்டிக்கிடப் போறீரு?"

பக்தவச்சலத்துக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. அவளே அதிகம் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தோன்றும்.

அவர் செய்ததிலும் நியாயம் இருந்தது. எல்லோரும் வீட்டிலிருந்தே சீசா கொண்டுவருவார்கள். ஒருமுறை சீசா மாறி, இருமலுக்கு வந்த கிழவர் பேதி மருந்தைக் குடித்துவிட்டார். அன்றிலிருந்து பெயரையும் வியாதியையும் சேர்த்துக் கூப்பிட்டுத்தான் மருந்து கொடுப்பது என்று வைத்துக்கொண்டார். ஆனால் மனிதர் நாடகக் கம்பெனியில் பத்து வருஷம் ராஜா வேஷம் கட்டியவர். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை. "வேம்பு! படர்தாமரை! களிம்பு!" என்று அவர் அன்று காலை முழங்கியது தெருக்கோடிச் சுண்ணாம்புச் சூளையில் கிளிஞ்சல் கொட்டிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டதாம்.

இதனால்தான் டிஸ்பென்சரிக்கு ஆள் வருவது குறைந்துபோனது. ஒரே கூடம், டாக்டர் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம். அவரிடம் சொல்வதைப் பெஞ்சிலிருப்பவர்கள் கேட்பார்கள். பாக்கி இருப்பவர்களுக்குப் பக்தவச்சலம் சொல்லிவிடுவார். எங்கள் தெருக்காரர்கள் நோயைப் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சைப் பொறுக்கமாட்டார்கள். நான் அதை நன்றாக அறிவேன்.

சண்டை உச்சத்தில் இருந்தபோது மருத்துவச்சி ரோஸ்மேரி ஒரு காகிதத்துடன் வெளியே வந்தாள்.

"சண்டையை நிறுத்துங்க. இனிமே அதுக்கும் வேலையில்ல. ஒரு நாளைக்கு அறுபது பேராவது வரணுமாம். இங்கே பதினாலு, பதினஞ்சுதான். இந்த மாசத்தோட மூடிட்டு, எங்களை வேற இடத்துக்கு மாத்தறாங்க. வியாழக்கிழமை ஹெல்த் ஆபீசர் கடைசியா ஒரு தடவை பார்க்க வரார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெரினாவைத்தான். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஜெரினாவின் புருஷன் உசேன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். அவளுக்கு முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. இரண்டாவது, ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கூட்ஸ் வண்டிக்காகச் சாத்திய ரயில்வே கேட்டுக்கு முன்னால், ஜட்கா வண்டியிலேயே பிறந்து இறந்தது. இந்தத் தடவை ரோஸ்மேரி வாரம் தவறாமல் பார்த்துவந்தாள். கால் வீக்கம் வடிய உப்பைக் குறைக்கச் சொன்னாள். சத்து மாத்திரை கொடுத்தாள். "இது நிக்கும்" என்று அவள் சொன்ன அன்றுதான் ஜெரினா சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"மாமி, இவங்க போயிட்டா..." என்றாள் ஜெரினா.

மாமியார் பதுருன்னிசா மருமகளைக் குறை சொல்லியே நேரத்தை ஓட்டுகிறவள். அன்று மட்டும், "வாயை மூடு. அப்படியெல்லாம் போவமாட்டாங்க" என்று அதட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் சூளை மங்கம்மா தலைமையில் கூட்டம் கூடியது. மங்கம்மாவை யாரும் தலைவி ஆக்கவில்லை. அவள் பேசும்போது குறுக்கே பேசுவதற்கு ஆளில்லாததால் அப்படி அமைந்துவிட்டது.

"இன்னா இப்போ? அறுவது பேரு வேணும், அவ்ளோதானே? வியாயக்கெயம அல்லாரும் சீக்குன்னு போயி குந்திக்கினா முடிஞ்சுது மேட்டரு. ஆளுக்கு ஒரு சீக்கு நான் சொல்றேன், ஞாபகம் வெச்சிக்கினு போங்க. நீ இருமலு."

"அய்யோ, நான் மாட்டேன். சயரோகம்னு சொல்லிடுவாங்க. தம்பிக்குப் பொண்ணு பார்த்துகினு கீறோம்."

"செரி, நீ மயக்கம்."

"வலிப்புன்னு என் மாமியார் ஊட்டுக்கு யாராவது எழுதிப் போட்டுடுவாங்க."

"நீ வாந்தி எடு."

"எங்கூட்டுக்காரரு கப்பல்ல போயி எட்டு மாசம் ஆவுதுக்கா!"

"ஆத்தாடி, உனக்கு வேணாம்மே. செல்லக்கனி, நீ தோலு..." என்று தொடங்கிய மங்கம்மா, அவள் முகத்தைப் பார்த்து மேலே சொல்லாமல் விட்டாள்.

இப்படி ஒவ்வொரு வியாதியாகக் கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான்: வயிற்றுப்போக்கு. அதனால் கல்யாணம் நிற்காது, யாரும் எழுதிப் போடமாட்டார்கள், பெரிய மனிதர்களுக்கும் வரும். எல்லோரும் தங்களுக்கு அதுதான் வேண்டுமென்று எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெருவே டிஸ்பென்சரியில் இருந்தது. ஹெல்த் ஆபீசர் உள்ளே வந்து, கூட்டத்தைக் கண்டு புருவத்தை உயர்த்திவிட்டு, நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தார். பக்தவச்சலம் தொடங்கினார்.

"மங்கம்மா! வயித்துப்போக்கு!"

"செல்லக்கனி! வயித்துப்போக்கு!"

"பதுருன்னிசா! வயித்துப்போக்கு!"

பத்தாவது ஆளில் ஆபீசர் எழுதுவதை நிறுத்தினார். இருபதாவது ஆளில் எழுந்து நின்றார். முப்பதாவது ஆள் வந்தபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "காலரா!" என்று கத்திக்கொண்டே தபாலாபீஸுக்கு ஓடினார், போன் செய்வதற்கு.

நடுப்பகலுக்குள் லாரி வந்தது. கிணறுகளில் எல்லாம் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். யாரும் வெளியே போகக் கூடாது. பிற்பகல் வேலைக்குக் கிளம்பிய ஆண்பிள்ளைகளெல்லாம் சாப்பாட்டுத் தூக்குடன் திரும்பினார்கள். கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் தடுப்பூசி. வேடிக்கை பார்க்கப் போன எனக்கும் ஒன்று.

"நல்லா பேஜாரா பூட்ச்சு" என்று மங்கம்மா கையைத் தேய்த்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல அவளுக்கே தைரியம் வரவில்லை.

அப்போது ஜெரினா எழுந்தாள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பேசியறியாத பெண். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, டிஸ்பென்சரிக்குத் திரும்பி வந்திருந்த ஆபீசருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், இங்கே யாருக்கும் காலரா இல்ல. பொய் சொன்னாங்க. எனக்காகத்தான் சொன்னாங்க. இதை மூடிட்டா நான் மறுபடியும் அந்த ரயில்வே கேட்டுக்குத்தான் போவணும்."

அந்தக் கேட்டின் கதையையும் சொன்னாள். கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அன்று ஊசிகளுக்குப் பஞ்சமில்லை.

ஆபீசருக்கு உச்சிவரை கோபம். "அத்தனை பேரும் ஆரோக்கியமா இருந்துகிட்டு அரசாங்கத்தை ஏமாத்தறீங்களா? இன்னிக்கே பூட்டறேன். நோயாளியே இல்லாத ஊருக்கு எதுக்கு டிஸ்பென்சரி?"

"நோயாளி இருக்காங்க சார். உண்மையான நோயைச் சொல்றதுக்கு இங்கே ஒரு கதவு இல்ல" என்றாள் ஜெரினா.

ஆபீசர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சுகள், மேஜை, அப்பால் நின்ற பக்தவச்சலம், எதிர் வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு தெருவில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, சாமான் போட்டுவைக்கும் சின்ன அறையைக் காலிசெய்யச் சொன்னார். அதற்கு மட்டும் கதவு இருந்தது. உள்ளே இரண்டு நாற்காலி போடச் செய்து, தானும் டாக்டருக்குப் படித்தவர் என்பதால் ரோஸ்மேரியை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, "ஒவ்வொருத்தரா வாங்க. கம்பவுண்டர், நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

முதலில் யாரும் நகரவில்லை. செல்லக்கனிதான் மகள் வேம்புவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போனவள் மகளை வெளியே அனுப்பிவிட்டு, தான் மட்டும் உள்ளே பத்து நிமிஷம் இருந்தாள். அடுத்து மங்கம்மா. அவள் கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. நான் சுவரோரமாகவே நின்றேன். ஒரு வார்த்தையாவது காதில் விழ வேண்டுமே! நல்ல தேக்குக் கதவு. அத்தனை மட்டமான கட்டடத்தில் அத்தனை நல்ல கதவை எவன் போட்டானோ தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரம்வரை அது நடந்தது. பொய்க் கணக்காக வந்த எண்பத்து மூன்று பேரில் ஐம்பத்தேழு பேருக்கு மெய்யாகவே வியாதி இருந்தது. சூளைச் சுண்ணாம்புத் தூசியால் வந்த இருமல், பெண்கள் வருஷக்கணக்காக மூடிவைத்த உபத்திரவம், கண், காது, புண். பட்டியல் ஆபீசர் நோட்டில் இருக்கிறது, பெயர்கள் இல்லை. நானும் உள்ளே போய் வந்தேன். எதற்கென்று சொல்லமாட்டேன்.

போகும்போது ஆபீசர், "மூடச் சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. ரெண்டு மாசம் தள்ளிவைக்கச் சொல்லி எழுதறேன். அதுக்குள்ளே நீங்க நிஜமாவே வந்தாகணும்" என்றார்.

வந்தார்கள். அந்த அறையில் டாக்டர் உட்கார்ந்தார். பக்தவச்சலத்துக்கு எண் போட்ட தகர வில்லைகள் வந்தன. சீசாவுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. "பதினேழு!" என்று மட்டும் கூப்பிடுவார், பாவம், வசனம் மறந்துபோன ராஜா மாதிரி. இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு எழுபது பேர் என்று ஆயிற்று. பணம் ஒதுக்குகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்தார்கள். ஆபீசரின் நீளக் கடிதத்தையும் பார்த்தார்கள். முழுநேர டாக்டருக்குச் சம்பளம் ஒதுக்கினார்கள். பிரசவ அறை கட்டவும் ஒதுக்கினார்கள். அதற்கு ஒரு வருஷம் ஆயிற்று, கூரை இன்றைக்கும் ஒரு மூலையில் ஒழுகுகிறது.

ஜெரினாவுக்கு அந்த அறைக்காகக் காத்திருக்க நேரமில்லை. சாமான் அறையிலேயே, ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், பெண் குழந்தை பிறந்தது. பதுருன்னிசா கதவுக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அழுவுது. நல்லா அழுவுது. இவ தொண்டைக்குக் கம்பவுண்டரு தோத்தாரு" என்றாள். சபீஹா என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு தெருவில் என்னென்னவோ நடந்துவிட்டது. வேம்புவுக்குப் படர்தாமரை ஆறிப்போய், சாத்தாங்காட்டு இரும்பு வியாபாரி ஒருவருடைய மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு காது மந்தம் என்பதைத் தாலி கட்டிய பிறகுதான் சொன்னார்களாம். செல்லக்கனி அவரை அழைத்துக்கொண்டு நேரே சாமான் அறைக்குப் போனாள். ரோஸ்மேரி, பிளீச்சிங் பவுடர் லாரி ஓட்டி வந்த ஹென்றியைக் கல்யாணம் செய்துகொண்டு எண்ணூருக்குப் போனாள். எப்போது பேசிப் பழகினார்கள் என்பது எனக்குக்கூடத் தெரியாமல் போனதில் வருத்தம்தான். பக்தவச்சலத்தை மாதவரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மங்கம்மா இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, இப்போது சூளையில் மறுபடியும் கூடை தூக்குகிறாள்; என்ன வைத்தியம் என்று கேட்டால், "உன் வேலையப் பாத்துகினு போமே" என்கிறாள்.

சபீஹாவுக்கு இரண்டு வயது ஆனபோது உசேன் குடும்பம் எர்ணாவூருக்குக் குடிபோயிற்று. அங்கே டிஸ்பென்சரி கிடையாது. ஜெரினா, மாமியாரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக மனுவில் கைநாட்டு வாங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இதுவரை இருநூறு ஆகிவிட்டதாம். ஒரே ஒருவர் மட்டும் போடமாட்டேன் என்றாராம். அது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.