எட்டாவது அட்டை

சுவரில் முப்பத்தொரு அட்டைகள் ஒட்டியிருந்தன. மதியச் சாப்பாட்டுக்குள் அவை எட்டாகக் குறைய வேண்டும். கழிமுகத்தில் அடுத்த பத்தாண்டுகளுக்கு எவற்றைக் காப்பது என்பதைக் குழுதான் முடிவு செய்யும். கூட்டத்தை நடத்த வெளியூரிலிருந்து வந்தவள் கேள்வி மட்டுமே கேட்கலாம். பதினாறு வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. சொந்தக் கருத்து தலைதூக்கினால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாள்.

“எட்டுக்குள்ள அடக்கணுமா? என் மச்சினன் குடும்பமே அடங்காதே,” என்றார் படகுக்காரர். ஆய்வாளர்களை இருபது வருடமாக ஏற்றிச் செல்பவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பதினொரு மணிக்குள் ஏழு முடிவாகிவிட்டன. அலையாத்திக் காடும் சேற்றுப்பரப்பும் சண்டையில்லாமலே ஏறின. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இரண்டு அட்டைகள். நீர்நாய், படகுக்காரர் எழுதிக் கொடுத்தது. ஆற்று ஆமை, பதினொரு வருடமாக அதன் பின்னாலேயே அலையும் ஆய்வாளருடையது. அலுவலகத்தில் அவளுக்கு ஆமையம்மா என்றே பெயர்.

இல்லாத ஒன்றைப் பட்டியலில் சேர்க்க முடியாது. “ஆமையைக் கடைசியா எப்ப பாத்தீங்க?” என்று நடத்துபவள் ஆமையம்மாவிடம் கேட்டாள்.

“ரெண்டு வருஷம் ஆச்சு. அறிக்கையில இருக்கு.”

“கூட யாராவது பாத்தாங்களா?”

ஆமையம்மா மேசையைப் பார்த்தபடி, “அண்ணன்தான் படகு ஓட்டினாரு,” என்றாள். எல்லாத் தலைகளும் படகுக்காரர் பக்கம் திரும்பின.

“நானும் பாத்தேன்,” என்றார் அவர்.

“எந்த இடத்துல?”

“வடக்கு மணல்மேட்டுல. வெயில் காஞ்சுக்கிட்டிருந்துச்சு.”

வரும் வழியில்தான் நடத்துபவள் அந்த அறிக்கையைப் படித்திருந்தாள். தெற்குக் கால்வாய், விடாத மழை என்று இருந்தது. அன்று படகுக்காரர் எதையும் பார்க்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆமையம்மா பார்த்தாளா என்பதுதான் தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

படகுக்காரர் எழுந்துபோய் தன் நீர்நாய் அட்டையை நகத்தால் சுரண்டி எடுத்தார். போன மாதம் மூன்று குட்டிகளைப் படம் பிடித்து ஊரெல்லாம் காட்டியவர். “சேத்தைக் காப்பாத்தினா இதுவும் பொழைச்சுக்கும்னு நீங்கல்லாம்தானே சொன்னீங்க. இது எங்கிட்டயே இருக்கட்டும்,” என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பட்டியலின் எட்டாவது கட்டத்தில் நடத்துபவள் ‘ஆற்று ஆமை’ என்று எழுதினாள். நேரில் கண்டவர்கள் என்ற இடத்தில் ‘இருவர்’. எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டது.

சாப்பாட்டு வேளையில் ஜன்னல் வழியே துறை தெரிந்தது. கட்டியிருந்த படகில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆமையம்மா எதையோ கேட்டாள் போலிருக்கிறது. படகுக்காரர் நிமிரவில்லை. உள்ளே தேங்கிய தண்ணீரை ஒரு டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். தண்ணீர் தீர்ந்த பிறகும் டப்பா அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.